கையை ஓங்கினால் வீடு போகும்

நெல்டா கிரேபீல் ஓர் ஆணின் மூக்கை உடைத்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது கோழித் தொழிற்சாலையில். எலும்பெடுக்கும் வரிசையில் நானும் அவளும் தோளோடு தோள் இடிக்க நின்று வேலை செய்வோம். தொடைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கத்தியை ஒரு சுற்றுச் சுற்றினால் எலும்பு தனியே கழன்று விழ வேண்டும். எங்கள் கண்காணிப்பாளன் பெண்களுக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் கையை எங்காவது வைப்பான். அன்று நெல்டாவின் மேல் வைத்தான். அவள் கத்தியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி, இரும்பு வலைக் கையுறை போட்ட இடது கையால் அவன் முகத்தில் ஒரு குத்து விட்டாள். ரத்தம் கோழித் தோல்மேல் தெறித்து, வரிசையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

"கத்தியக் கீழ வெச்சுட்டுத்தானே அடிச்சேன்? அதுக்கே அவன் எனக்கு நன்றி சொல்லணும் டெல்ஃபா," என்றாள் என்னிடம், கையுறையைக் குழாயில் கழுவிக்கொண்டே.

அவள் வேலை போகவில்லை. ஏன் அடித்தாள் என்று மேலே சொல்ல அவனுக்கு வாயில்லை.

நெல்டா வளர்ந்த வீட்டில் பேச்சைவிட அடி அதிகம். அப்பன் அம்மாவை அடிப்பான், அம்மா பிள்ளைகளை அடிப்பாள், மூத்தது இளையதை அடிக்கும். இவள்தான் கடைக்குட்டி. "எங்க வீட்டுல அடி வாங்காத ஒரே உயிர் நாய்தான். அது கடிக்கும். அதப் பாத்துத்தான் நானும் கத்துக்கிட்டேன்," என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் மேசையில் இருக்கும் தம்ளர் அதிரும். எலும்பும் தசையுமாக நல்ல உயரம். தலைமுடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருப்பாள்.

கார்லண்ட் அவளை மணந்தபோது ஊரே பொறாமைப்பட்டது. மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், தேவாலயத்தில் நல்ல குரலில் பாடுகிறவன். முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் அடித்தான். இவளும் திருப்பி அடித்தாள். நாங்கள் எல்லோரும் ஆற்றோரத்து டிரெய்லர் குடியிருப்பில், சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்திய தகர வீடுகளில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். தகர வீட்டுக்குள் தட்டுமுட்டுச் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டால், "ஆரம்பிச்சுட்டாங்கப்பா, இன்னைக்கு யாரு மேல பந்தயம்?" என்று ஆண்கள் பீர் டப்பாவோடு வாசலில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அவள் திருப்பி அடித்ததால் அதைச் சமமான சண்டை என்று நினைத்துவிட்டார்கள். அவன் கை அவள் கையைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

ஒரு நாள் வீட்டுப் படியிலேயே அவள் தாடையை உடைத்தான். மருத்துவமனையில் கம்பி போட்டு வாயை மூடிவிட்டார்கள். பல வாரம் உறிஞ்சுகுழல் வழியாகச் சூப்பு மட்டும்தான் குடித்தாள். அந்த வாரங்களில் கார்லண்ட் மிகவும் நல்லவனாக இருந்தான். பூக்கூட வாங்கி வந்தான். கம்பியை எடுத்த அன்று அவள் வீட்டுக்கு வந்தாள். அவன் மேசையில் உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவள் லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து அவன் முழங்காலில் ஓங்கி இறக்கினாள். வாயில் ரொட்டியோடு அவன் போட்ட அலறல் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.

வழக்கு நடந்தபோது அரசு வக்கீல் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: அவன் அப்போது ஒன்றும் செய்யவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாடையை உடைத்தது வேறு நாள், வேறு வழக்கு. அந்த வழக்கைப் போட யாரும் இல்லை. நெல்டா சிறைக்குப் போனாள். கார்லண்டுக்கு ஆயுளுக்கும் ஒரு கால் நொண்டி.

அவள் வெளியே வந்தபோது எங்கள் கார்வர் ஸ்பிரிங்ஸ் வேறு ஊராகிவிட்டிருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் பேட்டரித் தொழிற்சாலை வந்திருந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். டிரெய்லர் குடியிருப்பை அதன் சொந்தக்காரன் விற்றுவிட, புல்டோசர் வந்து எங்கள் தகரங்களை அள்ளிக்கொண்டு போனது. என் வீடு நசுங்குவதை நான் சாலையோரம் நின்று பார்த்தேன். ஊரில் வாடகை எல்லோருக்கும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. நான் என் தங்கை வீட்டுக் கூடத்தில் படுத்தேன். நெல்டா தன் பழைய பியூக் காரில் படுத்தாள். வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவார்கள், குற்றம் வரும், முகம் மாறும். கோழித் தொழிற்சாலை மட்டும் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கோழிக்கு எலும்பெடுக்க யாரும் கிடைக்காத காலம் அது.

அப்போதுதான் பழைய நூலாலை நிலத்தில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. நகராட்சிக் கூட்டத்துக்கு நானும் அவளும் வேலை முடிந்து கோழி நாற்றத்தோடே போனோம். கட்டுகிற கம்பெனியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் எழுந்து விளக்கினாள். இப்படி வீடு கட்டினால் அரசாங்கம் பல வருஷத்துக்கு வரியில் கழிவு தருமாம். கம்பெனி அந்தக் கழிவைப் பெரிய பேங்க் ஒன்றுக்கு விற்றுவிடுமாம். அந்தப் பணத்தில் கட்டுவதால் பெரிய கடன் இல்லையாம். அதனால் சம்பளம் குறைந்தவர்களுக்கு, அவர்களுக்கு மட்டும், கட்டக்கூடிய வாடகையில் வீடு தர முடியுமாம்.

நெல்டா என் காதில் கேட்டாள்: "அப்ப பேங்க்காரன் வரி கட்டாம தப்பிக்கிறதுக்கு நமக்கு வீடு கட்டித் தர்றானா?"

"அப்படித்தான் போல."

"எந்தப் பாவத்துல வந்தா என்ன, குளிக்கத் தண்ணி வந்தா சரி."

இன்சூரன்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். "சுத்தி வளைக்க வேணாம். அந்த மாதிரி ஆளுங்க வந்தா கூடவே அடிதடியும் வரும். எம் பொண்ணு அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறா."

நெல்டா எழுந்துவிட்டாள். "அந்த மாதிரி ஆளு எப்படி இருப்பாங்கன்னு திரும்பிப் பாருங்க சார். நீங்க ஞாயித்துக்கிழமை திங்கிற கோழிய வெட்டறது நான்தான்."

"ஜெயில்ல இருந்து வந்தவதானே நீ!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். யாரோ சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. மடக்கு நாற்காலி ஒன்று காற்றில் பறந்துபோய் அந்தக் கம்பெனிப் பெண்ணின் நெற்றியில் பட்டது. அவள் மேசைக்குப் பின்னால் சரிந்தாள். ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் உருண்டார்கள். நெல்டாவின் உடம்பு முழுக்கத் துடித்தது.

"டெல்ஃபா, என் பெல்ட்டப் பிடிச்சுக்கோ! பரோல்ல இருக்கேன்! விட்டுடாதடி!" என்று கத்தினாள். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு வரிசை நடந்தாள். ஆனால் கை ஓங்கவில்லை.

நகராட்சி அனுமதி கொடுத்தது. எங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. மரச்சட்டங்கள் எழுந்து கூரை ஏறும் சமயம், ஊரே தேவாலயத்தில் இருந்த ஒரு ஞாயிறு காலையில் யாரோ தீ வைத்தார்கள். பாட்டு முடிவதற்குள் ஒரு பக்கக் கட்டடம் சாம்பலாகிவிட்டது. பிடிபட்டவர் யாரும் இல்லை. கம்பெனி மறுபடி கட்டியது. சிகமோர் கோர்ட் என்று பெயர் வைத்து, சுற்றிலும் இரும்பு வேலி போட்டார்கள்.

அங்கே நிர்வாகியாக வந்தவர் வெர்னா பிளெட்சோ. அறுபதை நெருங்கியவர், நெடுநெடுவென்று இருப்பார். ஊரில் எல்லோரும் அவரை மிஸ் வெர்னா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு உடனே வீடு கிடைத்துவிட்டது. நெல்டாவுக்கு இல்லை என்று பதில் வந்தது. அவள் நேரே மிஸ் வெர்னாவின் அறைக்குப் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன்.

"யார அடிச்சே?" என்று கேட்டார் மிஸ் வெர்னா.

"புருஷன."

"எதுக்கு?"

"தாடைய உடைச்சான்."

"அப்பவே திருப்பி அடிச்சியா?"

"இல்லீங்க. ஆறினப்புறம்."

மிஸ் வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையை இவ்வளவு மொட்டையாகச் சொல்லி வீடு கேட்டவரை அவர் பார்த்ததில்லை போலும்.

"இப்ப எங்க தூங்கற?"

"கார்ல."

"மேல பேசிப் பாக்கறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இந்த வேலிக்குள்ள நீ கையை ஓங்கினா வீடு போகும். யாரு ஆரம்பிச்சா, யாரு பக்கம் நியாயம், ஒண்ணும் கேக்க மாட்டேன். கம்பெனியும் கேக்காது. புரியுதா?"

"புரியுதுங்க."

வீடு கிடைத்தது, எனக்கு மேல் மாடியில். குடிவந்த அன்று மத்தியானம் குளிக்கப் போனவள் சாயங்காலம்வரை வரவில்லை. நான் கதவை இடிக்காத குறையாகத் தட்டினேன். தொட்டியிலேயே தூங்கிப்போயிருக்கிறாள். தண்ணீர் ஜில்லிட்டுப்போய், உதடு நீலம் பாரித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தாள். "செத்தா இங்கயே சாகறேன் போடி. சுத்தமாவாவது சாவேன்," என்றாள்.

அந்தச் சந்தோஷம் இலையுதிர்காலம்வரை நீடித்தது.

சின்ன ஊரில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. கார்லண்டின் லாரி முதலில் வேலிக்கு வெளியே வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் மாடியைப் பார்ப்பான். பிறகு ஒரு நாள் நெல்டாவின் பியூக் காரில் எல்லாக் கண்ணாடியும் உடைந்து கிடந்தது. அடுத்து அவனே உள்ளே வந்தான்.

சனிக்கிழமை மத்தியானம். துணி துவைக்கும் அறையில் நானும் நெல்டாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தோம். காற்று வர வேண்டும் என்று யாரோ கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"நல்ல வீடா கெடச்சிருக்கே. என் காலை உடைச்சதுக்கு சர்க்கார் குடுத்த பரிசா?"

"வெளிய போ கார்லண்ட்."

"தாடை நல்லா ஆறிடுச்சு போல. பேச்சு வருது." சொல்லிக்கொண்டே அறைந்தான்.

நெல்டா பின்னால் கையை நீட்டி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் மறுபடியும் அறைந்தான். அவள் விடவில்லை. விரல் முட்டிகள் வெளுத்துப்போயின. அவனுக்கே அது புதிதாக இருந்தது. ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னடி, கை செத்துப்போச்சா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒட்ட வெட்டிய முடியில் பிடி கிடைக்காமல் காதைப் பிடித்து, முகத்தை இயந்திரத்தின் மூடியில் மோதினான். இரண்டாவது மோதலில் ஏதோ உடையும் சத்தம் கேட்டது. நான் கையில் இருந்த சோப்புத் திரவக் குடுவையை அவன்மேல் எறிந்து கூச்சல் போட்டேன். மற்ற பெண்கள் போலீசுக்குப் போன் செய்தார்கள். அவன் நிதானமாக, நொண்டிக்கொண்டே வெளியே போனான்.

நெல்டா தரையில் உட்கார்ந்தாள். புருவம் பிளந்து ரத்தம் ஒழுகி, துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பாயிற்று.

"ஏன்டி சும்மா நின்னே? ஒரு குத்து விட்டிருந்தா ஓடியிருப்பானே!" என்று நான் அழுதேன்.

"வீடு போயிடும்," என்றாள்.

அவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவனைப் பிடித்தார்கள், விட்டார்கள். அவன் திரும்பி வந்தான். தபால்பெட்டி அருகே அவள் விலாவில் குத்தினான். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் அவளைத் தள்ளி, கீழே விழுந்தவளை நல்ல காலால் உதைத்தான். அடித்தால் திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்துவிட்டது அல்லவா, அது அவனுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் எதையாவது பிடித்துக்கொள்வாள். கம்பி, சுவர், தன் சட்டையையே. நான் பார்த்த வன்முறையிலேயே அதுதான் கொடுமையானது. அடிக்கத் தெரிந்த ஒருத்தி அடி வாங்கிக்கொண்டு நிற்பது.

குளிர்காலத்தில் மிஸ் வெர்னா அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கம்பெனில கேக்கறாங்க நெல்டா. பிரச்சினை எல்லாம் உன் வீட்டத் தேடியே வருதாம். இப்படியே போனா உன்ன வெச்சிருக்க முடியுமான்னு யோசிக்கிறாங்களாம்."

"நான் கையை ஓங்கலியேங்க."

"ஓங்கல. எனக்குத் தெரியும்."

"ஓங்கினாலும் போகும், ஓங்காட்டியும் போகும்னா, நான் எதுக்குங்க இத்தன அடி வாங்கினேன்?"

நெல்டா எழுந்து போன பிறகும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்ததாக மிஸ் வெர்னா பிறகு என்னிடம் சொன்னார்.

வசந்தம் வந்ததும் இரண்டாவது கட்டடத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். மாநிலத் தலைநகர் நாஷ்வில்லிலிருந்து பேங்க்காரர்கள் பளபளக்கும் ஷூவோடு வந்தார்கள். மேயர் வந்தார், ஆளுயரக் கத்திரிக்கோல் வந்தது. பொது அறையில் பெரிய கேக்கும், ஜாடி ஜாடியாக இனிப்புத் தேநீரும் வைத்திருந்தோம். பரிமாற எங்களில் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். நெல்டா நல்ல நீல உடை போட்டிருந்தாள். பேங்கிலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியில், "பாதுகாப்பான வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும்..." என்று பேசிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார்லண்டை முதலில் பார்த்தவர் மிஸ் வெர்னா. அவன் கையில் ஆணி பிடுங்கும் சுத்தியல் இருந்தது. அவர் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றார்.

"இங்க உனக்கு வேல இல்ல தம்பி. திரும்பிப் போயிடு."

"தள்ளுங்க மிஸ் வெர்னா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

"என்னத் தாண்டித்தான் போகணும்."

அவன் தாண்டவில்லை, அடித்தான். பழுத்த பூசணிக்காய் கல்தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். மிஸ் வெர்னா முழங்கால் மடங்கி, முகம் குப்புற, சத்தமில்லாமல் விழுந்தார். கூட்டம் எதிர்க் கதவுப் பக்கம் பாய்ந்தது. மேசை கவிழ்ந்தது. பேங்க்காரர் ஒருவர் கேக்கின்மேல் கால் வைத்து வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்.

நெல்டா எதிர்ப்பக்கம் நடந்தாள்.

தேநீர் ஜாடியை அவன் முகத்தில் வீசினாள். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி, சுத்தியல் பிடித்த மணிக்கட்டில் இறக்கினாள். சுத்தியல் விழுந்தது. அடுத்த அடி அந்த நொண்டி முழங்காலில். அவன் விழுந்தான். அவள் உருளையை எறிந்துவிட்டு அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, வெறுங்கையால் அடிக்க ஆரம்பித்தாள்.

"இது அந்தத் துணி தொவைக்கிற ரூமுக்கு," என்றாள். குத்து. "இது தபால்பெட்டிக்கு." குத்து. "இது குப்பைத்தொட்டிக்கு." குரலை உயர்த்தவே இல்லை. கணக்குப் பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். அவன் முதலில் கையால் தடுத்தான். பிறகு கை விழுந்துவிட்டது. முகம் எங்கே, ரத்தம் எங்கே என்று தெரியவில்லை.

"போதும்டி! கெடக்கான்டி!" என்று நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவள் முழங்கை என் வாயில் இடித்து முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டிக் கத்திய பிறகுதான் நிறுத்தினாள். வலது கையைத் தூக்கினாள். அது கையாகவே இல்லை. விரல்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தன.

கார்லண்டுக்கு உயிர் போகவில்லை, ஒரு கண் போயிற்று. மிஸ் வெர்னாவைக் கொல்லப் பார்த்ததற்காக நீண்ட காலம் சிறையில் போட்டார்கள். மிஸ் வெர்னாவின் மண்டையைத் திறந்து உலோகத் தகடு வைத்து மூடினார்கள். மருத்துவமனையில் அவர் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா?"

அதற்குள் கம்பெனி அனுப்பிய புது ஆள், நெல்டா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். இலவச சட்ட உதவியிலிருந்து கீனன் என்ற வக்கீல் வந்தார். மீசை சரியாக முளைக்காத இளைஞர், ஆனால் கெட்டிக்காரர்.

"கட்டினவன் அடிக்கிறான்னு அடி வாங்கினவள வீட்ட விட்டுத் துரத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா. வரிக்கழிவுல கட்டின இந்த மாதிரி வீட்டுக்கும் அது செல்லும். அது நம்ம பக்கம். ஆனா அவன் கீழ விழுந்தப்புறம் நீங்க அடிச்சது இருக்கே, அதத்தான் அவங்க பிடிச்சுத் தொங்குவாங்க. அவன் எழுந்திருக்கப் பாத்தானா?"

நெல்டா கட்டுப்போட்ட கையைக் குனிந்து பார்த்தாள்.

வழக்கன்று மிஸ் வெர்னா தலையில் துணி கட்டிக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்து நடந்து வந்தார். கம்பெனி வக்கீலுக்கு மகிழ்ச்சி, அவர்கள் ஆள்தானே.

"கையை ஓங்கினா வீடு போகும்னு இவங்ககிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

"சொன்னேன். அத சொன்னது இந்த வாய்தான். இதே வாயால இப்ப சொல்றேன், அது புத்தியில்லாத பேச்சு. அத மதிச்சு இவ வாங்கின அடி எத்தனைன்னு எனக்குத் தெரியும். நான் வாங்கினது ஒண்ணே ஒண்ணு. அதுக்கே மண்டைக்குள்ள தகடு வெச்சிருக்காங்க."

கீனன் எழுந்து மெதுவாகக் கேட்டார்: "விழுந்தவன் எழுந்திருக்கப் பாத்தானா அம்மா?"

"பாத்தான். என் கண்ணால பாத்தேன். சுத்தியல எடுக்கப் போனான்."

நீதிபதி குறித்துக்கொண்டார். கீனன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்போது நெல்டா எழுந்தாள்.

"மிஸ் வெர்னா, நீங்க அப்ப குப்புறக் கெடந்தீங்க. உங்களுக்கு நினைவே இல்ல. எனக்காகப் பொய் சொல்லாதீங்க." பிறகு நீதிபதியைப் பார்த்தாள். "அவன் எழுந்திருக்கப் பாக்கலீங்க ஐயா. அவனால முடியல."

கீனன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பிறகு ஏம்மா அடிச்சீங்க?" என்றார் நீதிபதி. வயதானவர், சோர்ந்த குரல்.

"சேத்து வெச்சிருந்தேன் ஐயா. நிறுத்த முடியல."

நீதிபதி உள்ளே போய்விட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். வன்முறையைக் கொண்டுவந்தவன் கார்லண்ட். அதற்காக இவளை வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. அவன் விழுந்த பிறகு விழுந்த அடிகள் குற்றமா என்பதை வேறு நீதிமன்றம் பார்க்கட்டும். அந்த நீதிமன்றத்தில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறை இல்லை, கண்காணிப்பு மட்டும். கோபத்தை அடக்கும் வகுப்புக்கும் போகச் சொன்னார்கள். வகுப்பில் தன்னைத் தவிர எல்லோரும் பெண்டாட்டியை அடித்த ஆண்கள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் ஒருவனும் உட்காரமாட்டானாம்.

நெல்டாவின் வலது கை எலும்பு சரியாகக் கூடவில்லை. விரல் மடங்காது, கத்தி பிடிக்க முடியாது. கோழித் தொழிற்சாலை வேலை போயிற்று. இப்போது ஊர் எல்லையில் டயர் கடையில் போன் எடுக்கிறாள்.

குடியிருப்பில் சிலர் அவளைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அது அவளுக்கு வலித்தது. ஒரு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் வார்த்த காபியைத் தொடாமல் சொன்னாள்:

"அந்தக் கடைசி அடிங்க இருக்கே டெல்ஃபா, அது நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டேன்.

மிஸ் வெர்னாவால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. தலைவலி வந்தால் சொற்கள் மறந்துபோகும். கதவைப் பார்த்து "அந்த... அந்த மூடறது" என்பார். சம்பளம் நின்றதும் அவரும் எங்களைப் போல வருமானம் குறைந்தவராகிவிட்டார். சிகமோர் கோர்ட்டிலேயே, நெல்டாவுக்கு எதிர் வீட்டில், வாடகைக்கு வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொள்வதெல்லாம் இல்லை. டிவி சத்தத்துக்காக வாரம் ஒரு சண்டை.

"உங்க காது செவிடாங்க, இல்ல அந்தத் தகடு அடைக்குதா?"

"உன் வாய்க்கு மறுபடியும் கம்பி போடச் சொல்றேன் இரு."

போன மாதம் மூன்றாவது மாடியில் இருக்கும் கிறிஸ்டல் என்ற இளம்பெண் நெல்டாவிடம் வந்தாள். இடுப்பில் குழந்தை, கழுத்தில் விரல் தடம். "அக்கா, ஒரே ஒரு தடவ வந்து அவன ரெண்டு போடுங்கக்கா. உங்களக் கண்டாலே பயப்படுவான்," என்றாள்.

"மாட்டேன்," என்றாள் நெல்டா. "உள்ள வா."

கொஞ்ச நேரத்தில் கணவன் வந்துவிட்டான். நல்ல வெயில் நேரம். அவன் நெல்டாவின் கதவை உதைக்கும் சத்தம் கீழ் வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. நான் மேலே ஓடினேன். மிஸ் வெர்னா எதிர் வாசலில் நின்று போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தெருப் பெயர் வாயில் வரவில்லை. நான் போனை வாங்கிச் சொன்னேன். அவன் எங்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி உதைத்தான். கதவு விரிசல் விட்டது.

"வெளிய வாடி கெழவி! பெரிய சண்டைக்காரின்னு சொல்றாங்களே, வா பாக்கலாம்!"

போலீஸ் வந்து அவனைச் சுவரோடு அழுத்தி விலங்கு மாட்டி இழுத்துப்போகும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

பிறகு நான் பெயர் சொல்லித் தட்டினேன். கிறிஸ்டல்தான் திறந்தாள். நெல்டா கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகை அதுவரை கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வோர் உதையும் அவள் முதுகெலும்பில்தான் இறங்கியிருக்கிறது. குழந்தை அவள் மடியில் கிடந்தது. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இத வாங்கிக்கடி டெல்ஃபா," என்றாள். "எனக்கு எழுந்திருக்க முடியல. முதுகு விட்டுப்போச்சு."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். மிஸ் வெர்னா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பிளந்த கதவைத் தடவிப் பார்த்து, "நாளைக்கு ஆள் வெச்சு இந்த... இந்த மூடறத மாத்தணும்," என்றார். கிறிஸ்டலுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. நெல்டா தரையில் இருந்தபடியே அடுப்பைக் காட்டி, "பாலச் சூடு பண்ணுங்கடி யாராவது. புள்ளைக்குப் பசிக்கும்," என்றாள்.